பழைய படங்களை நம்பும்போதும் பகிரும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படத்தில் இல்லாதது அங்கே இருக்கவே இல்லை என்று முடிவு செய்வதே முதலில் விட வேண்டிய பழக்கம். 1838-இல் பாரிஸ் தெரு ஒன்றை ஒளிப்பட முன்னோடி லூயி தாகேர் படமெடுத்தபோது, ஒளி பதியப் பல நிமிடங்கள் ஆனதால், ஓடிய வண்டிகளும் நடந்த மனிதர்களும் தகட்டில் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்றவராகக் கருதப்படும் ஒருவரின் உருவமே தெளிவாக எஞ்சியது. இன்றைய கைப்பேசி கணப்பொழுதில் பதிந்தாலும், சட்டகத்துக்கு வெளியே விடப்பட்டவை இன்றும் உண்டு.

படம் உண்மையானது என்பதால் அதன் குறிப்பும் உண்மை என்று நம்புவது அடுத்த தவறு. இரண்டாம் உலகப் போரில், ஜப்பானின் ஐவோ ஜிமா தீவில் 1945 பிப்ரவரி 23 அன்று அமெரிக்க வீரர்கள் கொடி நாட்டியதைச் செய்திப் படக்கலைஞர் ஜோ ரோசெந்தால் படமெடுத்தார். உலகறிந்த அந்தப் படத்தில் இருப்பவர்களின் பெயர்களையே அமெரிக்க மரைன் படை 2016-இலும் 2019-இலும் திருத்த வேண்டியிருந்தது.

எனக்கு மிகுந்த கவலை தருவது, செயற்கை நுண்ணறிவு செய்யும் மாற்றத்தை 'மீட்பு' என்று அழைப்பதுதான். மங்கிய முகத்தைத் தெளிவாக்கும் செயலி தொலைந்த விவரத்தைத் தேடி எடுப்பதில்லை. தான் கற்ற ஏராளமான முகங்களைக் கொண்டு, அங்கே இருந்திருக்கக்கூடிய ஒன்றை ஊகித்து வரைகிறது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது பூசும் நிறமும் ஊகமே. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கெமர் ரூஜ் ஆட்சி படமெடுத்த கைதிகள் சிலரின் முகங்களுக்கு நிறமூட்டியதோடு புன்னகையும் சேர்த்து ஒரு கலைஞர் மாற்றிய படங்கள் 2021-இல் வெளியானபோது, அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சகம் கண்டித்தது, படங்கள் நீக்கப்பட்டன. மரணத்தை எதிர்நோக்கியிருந்தவர்களின் முகத்தில் இன்னொருவர் வரைந்த சிரிப்பு, அவர்கள் பட்ட துயரத்தின் சாட்சியத்தையே அழித்துவிடுகிறது.

மூலத்தை அறிந்தவர்களை மாற்றிய படம் ஏமாற்றாது என்று எண்ணுவதும் பிழை. நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் உள்ளிட்டோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 1989-இல் சீனாவின் தியானன்மென் போராட்டத்தின்போது பீரங்கி வண்டிகளை ஒருவர் தனியாக மறித்து நின்ற படத்தில் கூட்டத்தைச் சேர்த்துக் காட்டியபோது, அதைப் பார்த்தவர்கள் அந்நிகழ்வில் கூடுதலான மக்கள் பங்கேற்றதாக நினைவுகூர்ந்தனர். ஆகவே நிறமூட்டிய படியைப் பகிர்பவர், மாற்றம் செய்யப்பட்டது என்பதைப் படத்தின் மேலேயே எழுதி, மூலத்தையும் சேர்த்தே தர வேண்டும்.

பகிரப்பட்ட படியை மட்டும் சேமித்து மூலக்கோப்பை அழிப்பதும் கூடாது. பல சமூக ஊடகச் செயலிகள் படத்தைச் சுருக்குவதோடு, எடுத்த நாள், இடம் போன்ற உட்தகவல்களையும் நீக்கிவிடுகின்றன; மூலக்கோப்புடன் எடுத்தவர், நாள், இடம், படத்தில் இருப்போர் ஆகிய விவரங்களைத் தனியே எழுதிவைப்பதற்கு, அவற்றை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும் காலமே ஏற்றது.