சூறாவளி அடித்த ஊருக்குச் சேறு அள்ளப் போகிறீர்களா?

ஹரிகேன் கரையைக் கடந்த மறுநாள் டிவியில் படங்களைப் பார்த்ததும் மனசு கேட்காது. அதற்காகக் காரை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். பெட்ரோல் கிடைக்காது, தங்க இடம் இருக்காது, பாதி வழியில் ரோடே இருக்காது. 2024 செப்டம்பரில் ஹெலீன் சூறாவளி வந்தபோது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மேற்குப் பக்கம், பெரிய நெடுஞ்சாலையே ஆற்றோடு சரிந்து விழுந்தது. ஆஷ்வில் நகரத்தில் குழாய்த் தண்ணீரை மறுபடி குடிக்கலாம் என்று சொல்ல நவம்பர் ஆகிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் சொல்லாமல் போய் நின்றால், அங்கே சோறும் தண்ணீரும் தேவைப்படுகிற ஆட்களில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான்.

டீம் ரூபிகான், ஆல் ஹேண்ட்ஸ் அண்ட் ஹார்ட்ஸ் மாதிரி ஓர் அமைப்பில் பெயர் கொடுத்துவிட்டு, அவர்கள் கூப்பிடும்போது போங்கள். முதல் வாரம் போக முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். கேமராக்கள் கிளம்பின பிறகுதான் ஆள் பற்றாக்குறை வரும். 2005-இல் வந்த கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் தன்னார்வலர்கள் பல வருஷம் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பழைய துணியை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். 1998-இல் மிட்ச் சூறாவளிக்குப் பிறகு ஹோண்டுராஸில் நிவாரண விமானம் இறங்க முடியாமல் போனதற்குக் காரணம், ஓடுபாதையில் குவிந்திருந்த தானத் துணிகள். கொடுக்க நினைப்பதைப் பணமாகக் கொடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது: ஆணி ஏறாத அடிப்பாகம் உள்ள பூட்ஸ், ரப்பர் கையுறை, அதன்மேல் போட கனமான தோல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, என்95 மாஸ்க், முழுக்கை சட்டை. டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். செயின்சா (மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம்) பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் தொடாதீர்கள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் முதல் வேலை சேறு அள்ளுவது இல்லை, வீட்டுக்காரரோடு பேசுவது. என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் இதுதான் முக்கியம். நமக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களுக்கு நாற்பது வருஷக் குடித்தனம். நான் வேலை செய்த ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பொருளையும் அவர்முன் காட்டி, அவர் தலையாட்டின பிறகுதான் தெருவோரம் போட்டோம். சமையலறை இழுப்பறையிலிருந்து ஒரு தகர டப்பா வந்தது. உள்ளே கையால் எழுதின சமையல் குறிப்பு அட்டைகள், ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சோபாவுக்கும் டிவிக்கும் "போடுங்க" என்று சொன்னவர் இதற்கு மட்டும் எழுந்து வந்துவிட்டார். ஒருத்தர் வேலையை நிறுத்திவிட்டு, அட்டைகளைப் பிரித்துக் காகிதத் துண்டுகளின்மேல் பரப்பினார். அன்றைக்குச் சேறு கொஞ்சம் குறைவாகத்தான் போனது, போகட்டும். உடனே உலர்த்த முடியாத போட்டோக்களையும் காகிதங்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். அழுகாமல் நிற்கும், அப்புறம் நிதானமாகப் பிரிக்கலாம்.

எதையும் வெளியே போடும் முன் வீட்டுக்காரர் படம் எடுத்துவிட்டாரா என்று கேளுங்கள். இன்சூரன்சுக்கும், பேரிடர் உதவி தரும் அமெரிக்க மத்திய அரசு அமைப்பான ஃபீமாவுக்கும் அந்தப் படங்கள் வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, வாஷிங் மெஷின் பின்னால் இருக்கும் சீரியல் நம்பர், கார்ப்பெட்டில் வெட்டின ஒரு துண்டு, எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று மட்டும் நீங்கள் கணக்குச் சொல்லாதீர்கள்.

உள்ளே போவதற்கு முன் கரண்டும் கேஸும் நிறுத்தியாகிவிட்டதா என்று குழுத் தலைவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஜெனரேட்டர் ஓடினால் அது வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, வெளியே இருக்க வேண்டும். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு வாசனையே இல்லை, மூக்கை நம்ப முடியாது. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கவே வேண்டாம், டேப் சுற்றி அப்படியே வெளியே தள்ளுங்கள். ஒரு முறை திறந்து பார்த்தவர் இரண்டாம் முறை திறக்க மாட்டார்.

சாமான் போனதும் கார்ப்பெட், அப்புறம் சுவர். அமெரிக்க வீடுகளின் உள்சுவர் ஜிப்சம் பலகை. விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரை மேலே இழுக்கும். அதனால் கண்ணுக்குத் தெரிகிற கோட்டுக்கு மேலேயும் ஓர் அடி, இரண்டு அடி வெட்ட வேண்டும். தண்ணீர் அதிகம் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் நான்கு அடி உயரத்தில் வெட்டச் சொல்வார்கள். புதுப் பலகை நான்கு அடி அகலத்தில் வருவதால் பிற்பாடு பொருத்துகிறவருக்கு வேலை மிச்சம். கத்தியை ஆழமாக இறக்காதீர்கள், உள்ளே வயரும் குழாயும் ஓடும். பின்னால் இருக்கும் இன்சுலேஷனையும் உருவி எடுங்கள், மரச்சட்டத்தில் ஓர் ஆணி விடாமல் பிடுங்குங்கள். 1978-க்கு முன் கட்டின வீடு என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சுவரில் கை வைக்கும் முன் தலைவரிடம் கேளுங்கள்.

ஈரம் பட்ட ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். மரத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமாக விடவேண்டும். ப்ளீச் போட்டால் ஒரு காலன் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம். அம்மோனியா உள்ள எதனோடும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். வாரக்கணக்கில் உலர வேண்டும். வீட்டுக்காரர் அவசரப்படுவார், பாவம். ஆனாலும் ஈரமானி வைத்துப் பார்க்காமல் சுவரை மூடினால் உள்ளேயே பூஞ்சை வளரும், எல்லாவற்றையும் திரும்ப உடைக்க வேண்டிவரும்.

தெருவோரம் போடுவதையும் பிரித்துப் போடுங்கள்: மரக்கிளை தனி, சுவர்ப் பலகை தனி, ஃப்ரிட்ஜ் வகையறா தனி, பெயிண்ட் டப்பாவும் பேட்டரியும் தனி. கலந்து கிடந்தால் லாரிக்காரர் விட்டுவிட்டுப் போய்விடக்கூடும். மின்கம்பிக்கு அடியிலும் தண்ணீர் மீட்டர்மேலும் குவிக்காதீர்கள்.

வெயிலில் மாஸ்க்கோடு வேலை செய்தால் உடம்பு சீக்கிரம் தளர்ந்துவிடும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள். அந்த வீட்டின்முன் நின்று செல்ஃபி எடுப்பதற்கு நான் எதுவும் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

சாயங்காலம் வருகைத் தாளில் வந்த நேரம், போன நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பலர் இதை வெட்டி வேலை என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். பொதுவாக, பேரிடர் அறிவித்த இடத்தில் பொதுச் சீரமைப்புச் செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது, மீதியை மாநிலமும் உள்ளூரும் போட வேண்டும். பதிவான தன்னார்வ உழைப்பு நேரம் விதிகளுக்குப் பொருந்தினால், அந்த மீதித் தொகையில் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் விட்டுப்போன கையெழுத்து அந்த ஊருக்கு நஷ்டம்.