செல் செத்தால் நல்லதா, கெட்டதா?

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். பாக்கெட் பானம் விற்க வந்தவர், “இதைக் குடிச்சா உடம்புல ஒரு செல்லும் சாகாதுண்ணே” என்றார். சாகாவிட்டால்தான் ஆபத்து என்று சொல்ல வாயெடுத்தேன். தே ஆறிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

செல் சாவதையே நோயாக நினைப்பதுதான் முதல் தவறு. கருவில் நம் கை துடுப்புப் போலத்தான் இருக்கும். விரல்களுக்கு நடுவில் உள்ள செல்கள் செத்த பிறகுதான் ஐந்து விரலும் பிரியும். அப்படிச் சாகிற செல் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தராது. தன் டிஎன்ஏவைத் தானே நறுக்கி, சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலங்களாகும். பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். 1972-இல் இதற்கு அபோப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் இலை உதிர்வதைக் குறிக்கும் சொல் அது. டிஎன்ஏ பழுதான செல்லை இந்த வழிக்கு அனுப்புவதில் பி53 என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் அதன் மரபணுவே கெட்டிருக்கும். சாக வேண்டியது சாகாமல் பெருகிக்கொண்டே போகும்.

இன்னொன்று விபத்துச் சாவு, நெக்ரோசிஸ். ரத்த ஓட்டம் நின்றாலோ, சூடு பட்டாலோ, விஷம் ஏறினாலோ செல் ஊதி வெடித்து, உள்ளே இருப்பது வெளியே கொட்டி, சுற்றிலும் வீங்கிப்போகும். இதில்தான் நாம் கோட்டை விடுகிறோம். நெஞ்சு அடைத்தால் “காத்துதான்” என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறோம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்து அரை மணி நேரத்துக்குள்ளேயே இதயத் தசை சாகத் தொடங்கலாம். செத்த தசை திரும்பி வளராது. முதலில் 999-க்கு அடித்து ஆம்புலன்ஸ், தைலமெல்லாம் அப்புறம்.

காய்ச்சலுக்குப் பானடோல் போட்டு, கூடவே சளி மாத்திரையும் போடுகிறவர்கள் பெட்டியைப் படித்துப் பாருங்கள். இரண்டிலும் பாரசிட்டமால் இருக்கலாம். அளவு மீறினால் கல்லீரல் செல்கள் சாகும், முதல் நாள் பெரிதாக எதுவும் தெரியாது.

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் தங்கள் கால்களை அலட்சியம் செய்வது எனக்குத் தாங்க முடியாத விஷயம். பத்துமலையின் 272 படியையும் வெறுங்காலில் ஏறி இறங்கிய என் பெரியப்பா, அலுப்புத் தீர வெந்நீரில் காலை வைத்தார். நரம்பு மரத்திருந்ததால் சூடு உறைக்கவில்லை. தோல் வெந்ததைப் பார்த்து அலறியது பெரியம்மாதான். அதற்கும் மஞ்சள் பூசி மூன்று நாள் மூடி வைத்திருந்தார்கள். கிளினிக்குப் போனபோது கட்டைவிரல் செத்துக் கறுத்திருந்தது.