ஹார்னஸ் மாட்டுவது எப்படி, மலை ஈரத்தில் அதைக் காப்பது எப்படி

கோத்தகிரியில் மழை வலுத்தால் முதலில் கரண்ட் போகும். அடுத்து எங்காவது ஒரு கற்பூர மரம் ரோட்டின் குறுக்கே சாயும். 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட நாட்களில் தீயணைப்புக்காரர்களுக்குக் கயிறு பிடிக்க, அவர்கள் சொல்கிறபடி கைகொடுக்கப் போகும் ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். உயரத்தில் தொங்குகிறவரைத் தாங்கும் வார்க்கட்டுதான் ஹார்னஸ். அதைப் பற்றிப் புதிதாக வருகிறவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்வதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நேரே பள்ளத்தில் இறங்க வேண்டாம். முதல் சில தடவை பயிற்சி உள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க, தரையில் மாட்டிப் பழகுங்கள்.

எந்த ஹார்னஸ்?

இடுப்பில் மட்டும் கட்டும் பழைய சேஃப்டி பெல்ட்டை மறந்துவிடுங்கள். விழுந்தால் மொத்த அதிர்ச்சியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தலைகீழாக நழுவி வெளியே வந்துவிடவும் வாய்ப்பு உண்டு. தோள், மார்பு, தொடை மூன்றையும் சுற்றிப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். அதில் தைத்திருக்கும் விவரச் சீட்டைப் பாருங்கள். இந்தியத் தரம் என்றால் ஐ.எஸ். 3521 என்று இருக்கும். ஐரோப்பியத் தரத்தில் விழுகையைத் தாங்குவதற்கு ஈ.என். 361, ஆளைத் தூக்கி இறக்கும் மீட்பு ஹார்னஸுக்கு ஈ.என். 1497. தயாரித்த மாதம், ஆண்டு, அளவு எல்லாம் அதே சீட்டில்தான் இருக்கும். சீட்டு கிழிந்துபோன, எழுத்து அழிந்துபோன ஹார்னஸை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதன் வயது யாருக்கும் தெரியாது.

மாட்டும் முறை

முதலில் பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். சாவிக்கொத்தின் மேல் தொடை வார் இறுகினால் எப்படி இருக்கும் என்று தொங்கும்போது தெரியும். ஸ்வெட்டர், ரெயின்கோட் எதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யப் போகிறீர்களோ அதைப் போட்ட பிறகே ஹார்னஸ். எங்கள் ஊரில் காலை ஆறு மணிக்கு மாட்டி, பத்து மணி வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, வார்களை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த ஸ்வெட்டர் பருமன் முழுவதும் இப்போது தொளதொளப்பு. உடுப்பு மாறினால் வாரையும் திரும்ப இறுக்க வேண்டும்.

சரி, இப்போது முதுகுப் பக்கத்து டி வளையத்தை (ஆங்கில D எழுத்து வடிவ வளையம்) ஒரு கையால் பிடித்துத் தூக்கி உதறுங்கள். பக்கிள் எல்லாம் திறந்திருக்கட்டும். வார்கள் தாமாகவே கீழே தொங்கி, எது தோள், எது தொடை என்று காட்டிவிடும். சிக்கலோடு மாட்டப் பார்த்தால் பத்து நிமிடம் ஆனாலும் வேலை முடியாது.

சட்டை மாட்டுவது போலத் தோள் வார்களில் கை நுழையுங்கள். வளையம் இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில் உட்கார வேண்டும். இடுப்புப் பக்கம் இறங்கியிருந்தால் விழும்போது முன்பக்கமாக மடங்கித் தொங்குவீர்கள்; பிடரிக்கு ஏறியிருந்தால் தலையில் இடிக்கும்.

அடுத்தது தொடை வார். கால்களுக்கு நடுவே கையை விட்டு வாரைப் பின்னாலிருந்து முன்னால் இழுங்கள். முறுக்கு இருக்கக் கூடாது. வாரின் முழு அகலமும் தொடையில் படிந்தால்தான் பாரம் பரவும். முறுக்கினால் அது கயிறாகிவிடும். எவ்வளவு இறுக்கம்? விரித்த உள்ளங்கை வாருக்கும் தொடைக்கும் நடுவில் நுழைய வேண்டும், முஷ்டி மடக்கினால் நுழையக் கூடாது. இந்த ஒரு கணக்கு போதும்.

மார்பு வார் நடு மார்பில், அக்குள் உயரத்தில். தொண்டைக்குக் கிட்டே கட்டினால் தொங்கும்போது கழுத்தை நெரிக்கும். வயிற்றுக்கு இறக்கினால் தோள் வார்கள் இரு பக்கமும் வழுக்கி விழும்.

பக்கிள் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுவது. சொருகும் வகை என்றால் 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்டபின் இழுத்தும் பாருங்கள். வாரை நுழைத்து மடக்கும் வகை என்றால் ஒரு தடவை நுழைத்தது போதாது, திரும்பி மடங்கி வர வேண்டும். மிஞ்சிய நுனி குறைந்தது நான்கு விரல் அகலமாவது வெளியே இருக்கட்டும். அதை ரப்பர் வளையத்தில் சொருகிவிடுங்கள். காற்றில் ஆடும் நுனி தேயிலைச் செடியிலோ உண்ணிச்செடியிலோ மாட்டும்.

முடிந்ததும் கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் முதுகு உங்களுக்குத் தெரியாது. அப்புறம், தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் ஒரு நிமிடம் தொங்கிப் பாருங்கள். எங்கே வலிக்கிறதோ அங்கே சரிசெய்யுங்கள்.

தொங்குவதைப் பற்றி இன்னொன்று. கால் அசையாமல் தொங்கினால் தொடை வார் அழுத்தி, ரத்தம் காலிலேயே தேங்கும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால் மேலே இருப்பவர் காலை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கீழே இருப்பவர்கள் சீக்கிரம் இறக்க வேண்டும். இறக்கியவரைப் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு முதலில் சொல்லித் தந்தார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று பிரிட்டன் அரசின் தொழில் பாதுகாப்புத் துறை 2009-இலேயே ஆராய்ந்து சொல்லிவிட்டது. மயங்கியவரைப் படுக்க வைத்து, மூச்சைப் பார்த்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

என் கணப்புக் கதை

என் முதல் ஹார்னஸ் ஒரு தடவைகூட ஆளைத் தாங்கவில்லை. வீட்டிலேயே செத்தது. நவம்பர் மழை, நான்கு நாள் வெயிலே இல்லை. நனைந்த ஹார்னஸைக் கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் பார்த்தால் தொடை வாரில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு மினுமினுப்பு. தடவினால் வழுவழுவென்று, அடி பிடித்த பாகு இறுகியது போல. மடக்கினால் மெல்ல நொறுங்கும் சத்தம். நைலானும் பாலியெஸ்டரும் உருகித்தான் அப்படி ஆகும். 1,500 கிலோ இழுவையை 3 நிமிடம் தாங்க வேண்டும் என்று சோதித்து விற்கும் சாமான், ஒரு படி கரியில் போயிற்று.

சேறு பட்டால் வெதுவெதுப்பைத் தாண்டாத தண்ணீரில், 30 டிகிரி போதும், மென்மையான சோப்பு போட்டுக் கையால் கழுவுங்கள். பிளீச்சிங் கூடாது, பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. பிறகு நிழலில், காற்று வரும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஜூலை மூட்டத்தில் மூன்று நாள்கூட ஆகும், ஆகட்டும். ஊட்டி வெயில் இதமானதுதானே என்று மாடியில் காயப்போடாதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நமக்கு இதமாக இருக்கும் வெயில் நூலை அரிக்கும்.

அட்டைக்குப் பயந்து காலில் புகையிலையும் சுண்ணாம்பும் பூசுவோம், இல்லையா? அந்தக் கையோடு வாரைத் தொடாதீர்கள். சுண்ணாம்பு ஒரு காரப்பொருள், பாலியெஸ்டருக்கு அது ஆகாது. நைலானுக்கு ஆகாதது அமிலம், அதனால் ஜீப்பின் பின்னால் பேட்டரிக்குப் பக்கத்தில் போடுவதும் தவறு. பெயர் எழுத வேண்டுமென்றால் சீட்டில் எழுதுங்கள், மார்க்கர் மை வாரில் படக்கூடாது. உலர்ந்த பிறகு துணிப்பையில் போட்டு எலி ஏறாத ஆணியில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பத்து நாளில் பூஞ்சை வாசனை வரும்.

எப்போது தூக்கிப் போடுவது

ஒவ்வொரு முறை மாட்டும் முன்பும் வாரை ஒரு ஜாண் ஒரு ஜாணாக வளைத்து, மேல் பக்கத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் வெட்டு, பிசிறு, நிறம் வெளுத்தது, மினுமினுப்பு, அறுந்த தையல், துரு, விரிசல், திரும்பி வராத ஸ்பிரிங் எது இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். சில ஹார்னஸில் வாரை மடித்துத் தைத்திருப்பார்கள். அந்த மடிப்புத் தையல் பிரிந்திருந்தால் அது ஏற்கெனவே ஒரு விழுகையைத் தாங்கியது என்று பொருள். விழுந்தவரைத் தாங்கிய ஹார்னஸ் பார்க்கப் புதிதாக இருந்தாலும் அதோடு சரி. வருடத்துக்கு ஒரு தடவை தெரிந்தவரிடம் முழுதாகச் சோதிக்கக் கொடுங்கள். பல தயாரிப்பாளர்கள் நூல் பகுதிக்கு அதிகபட்சம் 10 ஆண்டு வைக்கிறார்கள். கையேட்டில் உள்ள கணக்குதான் கணக்கு.

ஒதுக்கியதைப் பரண் மேல் போடாதீர்கள். கூடலூர் பக்கம் சில்வர் ஓக்கில் ஏறி மிளகு பறிக்கிற யாராவது அதைக் கண்டெடுத்து மாட்டிக்கொள்வார். வளையம் நன்றாகத்தானே இருக்கிறது, மாடு கட்டலாமே என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். கட்டிக்கொள்ளட்டும், தோள் வாரையும் தொடை வாரையும் நான் துண்டு துண்டாக வெட்டிய பிறகு.