தொழில் தொடங்கும் எண்ணம்: மதுரை மாணவர்களிடம் கேட்க ஒரு வினாத்தாள்

"படிப்பு முடிந்ததும் சொந்தத் தொழில் செய்வீர்களா?" என்று வகுப்பில் கை தூக்கச் சொன்னால், சார் நிற்கிறார் என்பதற்காகவே பலர் தூக்குவார்கள். எம்பிஏ ப்ராஜெக்ட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது.

உளவியலாளர் ஐசக் அய்ஸன் 1991-ல் எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: இது எனக்குப் பிடிக்குமா, வேண்டியவர்கள் என்ன சொல்வார்கள், என்னால் முடியுமா. லின்யான், சென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2009-ல் வெளியிட்ட வினாத்தாளில் எண்ணத்துக்கும் இந்த மூன்றுக்கும் சேர்த்து 20 வாக்கியங்கள், 7 புள்ளி அளவில் (எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று 1 முதல் 7 வரை குறிப்பது).

அதை அப்படியே மொழிபெயர்த்தால் முதல் வரியிலேயே சறுக்கும். 'தொழில்முனைவோர்' என்றதும் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஷெட் போட்டவர்தான் பலருக்கு நினைவு வரும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவுக்குக் கடை இருக்கிற பையன்கூட 'எங்க வீட்ல யாரும் இல்ல' என்று டிக் அடித்துவிடுவான். 'சொந்தமாக பிசினஸ் அல்லது கடை' என்று எழுதுங்கள். வீட்டில் பிசினஸ் உண்டா என்பதோடு, அது நன்றாக ஓடியதா, நொடித்துப்போனதா என்பதையும் தனியாகக் கேளுங்கள். கடன்காரர் வாசலில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவனும் லாபத்தைப் பார்த்து வளர்ந்தவனும் ஒரே கட்டத்தில் விழக்கூடாது.

'வேண்டியவர்கள்' என்று பொதுவாகவும் விடாதீர்கள். பெற்றோர், சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று பிரியுங்கள். 'நிரந்தர வேலை இல்லையென்றால் பொண்ணு குடுக்க மாட்டாங்க' என்பது இங்கே நிஜமான அழுத்தம், அதற்கும் ஒரு வாக்கியம் வேண்டும். லின்யான், சென் தரவில் குடும்பத்தின் கருத்து நேரடியாக எண்ணத்தைத் தள்ளவில்லை. விருப்பத்தையும் 'முடியும்' என்ற நம்பிக்கையையும் மாற்றி, அதன் வழியாகவே வந்தது. ஆகவே ரிக்ரஷனில் (எந்தக் காரணி எண்ணத்தை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்கும் கணக்கு) இதன் எடை குறைவாக வந்தால் பதறி அந்தப் பகுதியைத் தூக்கிவிடாமல், மறைமுக விளைவையும் பாருங்கள்.

'முடியுமா' பகுதியில் வெறும் தைரியத்தை அளந்தால் வாய்ச்சவடால்தான் மிஞ்சும். இரண்டு அறிவுக் கேள்விகள் சேருங்கள்: புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்ட மானியம் எத்தனை சதவீதம் (25), எந்த அலுவலகத்தை அணுக வேண்டும் (மாவட்டத் தொழில் மையம்). இவற்றை 7 புள்ளி வாக்கியங்களோடு கூட்டாமல் தனி மதிப்பெண்ணாக வையுங்கள்.

எதிர்மறை வாக்கியங்கள் வேண்டாம். 'எனக்கு விருப்பம் இல்லை' என்பதற்கு 'உடன்படவில்லை' என்று குறிக்கும்போது பலர் குழம்புகிறார்கள். கிரான்பாக் ஆல்ஃபா (ஒரே பகுதியின் வாக்கியங்களுக்கு வரும் பதில்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) 0.7-க்குக் கீழே போனால் முதலில் இங்கே தேடுங்கள்.

30 பேரிடம் முன்சோதனை செய்யுங்கள், அதில் நான்கைந்து பேரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறும் வரியை மாற்றுங்கள். பிறகு குறைந்தது 200 பேர், பெயர் கேட்காமல். தொழில்முனைவு விழா நடந்த வாரத்திலோ பிளேஸ்மென்ட் முடிவு வந்த நாளிலோ ஃபார்மை அனுப்பாதீர்கள். அன்றைய மூடுதான் பதிலாக வரும்.