பெரிய நிறுவனத்தில் அஜைல் டெஸ்டிங்: திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் ரயிலேறி சென்னைக்கும் பெங்களூருக்கும் டெஸ்டிங் வேலைக்குப் போன பிள்ளைகள் நம் பக்கத்தில் ஏராளம். ஐந்தாறு வருடத்தில் லீட் ஆகிவிடுகிறார்கள். அப்போது மேலிருந்து ஒரு மெயில் வரும்: அடுத்த காலாண்டுக்கு டெஸ்ட் ஸ்ட்ராட்டஜி, அதாவது எதை, எப்போது, யார் சோதிப்பது என்ற திட்டம் வேண்டும். போன வருட டெம்ப்ளேட்டைத் திறந்து, புராஜெக்ட் பெயரையும் தேதியையும் மாற்றி, நாற்பது பக்கத்தில் அனுப்பிவிடுவது பல இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. பத்துப் பேர் வேலை செய்கிற சின்ன கம்பெனியில் இதனால் பெரிய கேடு வராது. சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொள்ளலாம். முப்பது அணிகள் சேர்ந்து ஒரே மென்பொருளைச் செய்யும் இடத்தில் அந்த நாற்பது பக்கத்தை ஒருவரும் படிக்கமாட்டார்கள். ஆனால் ஸ்ட்ராட்டஜி இருக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

உண்மையில் இரண்டு பக்கம் போதும். எது உடைந்தால் வாடிக்கையாளருக்கு அதிக நஷ்டம், அதை எந்தக் கட்டத்தில் பிடிப்போம், யார் பொறுப்பு, எது சரியில்லை என்றால் ரிலீஸை நிறுத்துவோம்: இவற்றுக்குப் பதில் இருக்க வேண்டும். எழுத உட்காருவதற்கு முன்னால், கடைசி மூன்று ரிலீஸில் வாடிக்கையாளர் வரை போய்விட்ட பக்குகளை (மென்பொருள் பிழைகளை) எடுத்துவைத்து, ஒவ்வொன்றும் எங்கே நழுவியது என்று பாருங்கள். ஓர் அணிக்குள்ளேயே நழுவியவற்றைச் சீக்கிரம் சரிசெய்திருப்பார்கள். வாரக்கணக்கில் இழுத்தடித்தவை பெரும்பாலும் இரண்டு அணிகளுக்கு நடுவில் நழுவியவையாக இருக்கும்.

அந்த நடுவிடத்தைத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நம் ஊரை வைத்தே ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு வங்கியின் கடன் விண்ணப்பச் செயலி; முகவரி வாங்கும் பக்கம் ஓர் அணியிடம், ஆவணம் சரிபார்க்கும் பகுதி இன்னோர் அணியிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. முகவரி அணி தன் பட்டியலில் இரண்டு பெயரையும் சேர்த்துவிட்டது. டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆவண அணியிடம் பழைய பட்டியல்தான் இருக்கிறது. அவர்களுடைய டெஸ்டும் பாஸ், ஏனென்றால் அவர்கள் சோதித்த தரவில் எல்லாரும் வேலூர்க்காரர்கள். இப்போது வாலாஜாபேட்டையிலிருந்து ஒருவர் விண்ணப்பிக்கிறார். இன்றைய முகவரியில் ராணிப்பேட்டை, ஆதாரில் வேலூர், பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு. மூன்றும் உண்மை. ஆவணம் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிடுகிறது. போதாததற்கு, பின்கோடின் முதல் மூன்று இலக்கத்தை வைத்து மாவட்டத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று யாரோ ஒரு டெவலப்பர் குறுக்குவழி எழுதியிருந்தால் கதை இன்னும் மோசம்: 632 என்று தொடங்கும் பின்கோடு வேலூரிலும் உண்டு, ராணிப்பேட்டையிலும் உண்டு, திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியிலும் உண்டு.

இரண்டு அணிகளின் டாஷ்போர்டும் சுத்தமாக இருக்கும். தவறு யாருடைய பக்லாக்கிலும் (செய்யவேண்டிய வேலைப் பட்டியலிலும்) இருக்காது.

இதற்கு மருந்தாகப் பலர் சொல்வது, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து முழு ஓட்டமாகச் சோதிப்பது. அது கொஞ்சம் வேண்டும்தான். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. முப்பது அணிகளின் புது பில்டும் (ஓட்டத் தயாரான புதுப் பதிப்பும்) ஒரே நாளில் ஒழுங்காக ஓடும் என்விரான்மென்ட், அதாவது சோதனைச் சூழல், கிடைப்பதே அபூர்வம். அதைவிடப் பலன் தருவது கான்ட்ராக்ட் டெஸ்ட். முகவரி அணி தான் என்ன அனுப்பும், பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறது என்பதை ஓடக்கூடிய டெஸ்டாகவே எழுதிக் கொடுக்கும். ஆவண அணியின் ஒவ்வொரு பில்டிலும் அது ஓடும். முகவரி அணி ராணிப்பேட்டையைச் சேர்த்து அந்த டெஸ்டையும் புதுப்பித்திருந்தால், ஆவண அணியின் அடுத்த பில்டே தோற்றுப் போயிருக்கும். வாடிக்கையாளர் அலைந்திருக்க வேண்டாம்.

சேஃப் முறையில், அதாவது பல அணிகள் சேர்ந்து அஜைலாக (சின்னச் சின்னச் சுற்றுகளில்) வேலை செய்ய வகுத்த முறையில், இருப்பவர்கள் 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை பிஐ பிளானிங் என்ற கூட்டுத் திட்டமிடலுக்கு உட்காருவார்கள். அங்கே பலகையில் சிவப்பு நூல் ஒட்டி, எந்த அணி எதை நம்பியிருக்கிறது என்று காட்டுவது வழக்கம். டெலிவரி தேதியைக் குறித்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பேரின் பெயரையும், இரு பக்கத்தையும் சேர்த்து முதன்முதலில் ஓட்டிப் பார்க்கும் தேதியையும் அங்கேயே எழுதவையுங்கள். அந்தத் தேதி கடைசி ஸ்பிரின்டில் (ஒன்றிரண்டு வார வேலைச் சுற்றில்) விழுந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது ஸ்பிரின்டுக்குள் நடப்பது. இரண்டு வார ஸ்பிரின்டில் முதல் எட்டு நாள் டெவலப்பர்கள் எழுதுவார்கள். ஒன்பதாம் நாள் மாலை ஸ்டோரி, அதாவது பிரித்துக் கொடுத்த சிறு வேலைகள், எல்லாம் மொத்தமாக டெஸ்டர் பக்கம் வந்து விழும். பத்தாம் நாள் டெமோ. முடியாதது அடுத்த ஸ்பிரின்டுக்குப் போகும். அதுவும் முடியாதது ரிலீஸுக்கு முன் மிச்சத்தைச் சரிசெய்வதற்கென்றே வைக்கும் ஒரு ஹார்டனிங் ஸ்பிரின்டில் சேரும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் வெட் ப்ளூ நிலையிலேயே, அதாவது பதனிட்டதும் சாயம் ஏற்றும் முன்பே, தோலைத் தரம் பிரித்துவிடுவார்கள். கறையும் கீறலும் உள்ள தோலுக்குச் சாயம் ஏற்றி, மெருகு போட்டு, பிறகு ஒதுக்கினால் அவ்வளவு செலவும் வீண். ஸ்டோரியும் அப்படித்தான். எழுதத் தொடங்கும் முன்பே புராடக்ட் ஓனர் (என்ன செய்வது என்று முடிவுசெய்பவர்), டெவலப்பர், டெஸ்டர் மூவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து, 'மாவட்டம் மாறியவருக்கு என்ன காட்ட வேண்டும்?' என்கிற மாதிரி உதாரணங்களைப் பேசினாலே, பின்னால் பக் என்று பதியப்படும் பலவற்றுக்கு இடமே இருக்காது.

ஆட்டோமேஷனில் நடக்கும் தவறு மேலிடத்திலிருந்து வருகிறது. 'எண்பது சதவீதம் ஆட்டோமேட் பண்ணுங்கள்' என்று எல்லா அணிக்கும் ஒரே இலக்கு. எண்ணிக்கை காட்டவேண்டும் என்பதால் கையால் செய்துகொண்டிருந்த டெஸ்ட் கேஸ்களை அப்படியே திரை வழியாக ஓடும் ஸ்கிரிப்ட் ஆக்குகிறார்கள். அஜைல் பற்றி எழுதும் மைக் கோன் 2009-ல் எழுதிப் பரவலான டெஸ்ட் பிரமிடு இதற்கு நேர் எதிரானதைத்தான் சொல்கிறது: அடியில் கோடின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் நிறைய, நடுவில் திரையைத் தொடாமல் சோதிக்கும் சர்வீஸ் அளவிலான டெஸ்ட், உச்சியில் திரை வழி டெஸ்ட் கொஞ்சம். தலைகீழாக நிறுத்தினால், இரவெல்லாம் ஓடி காலையில் நூறு தோல்வி காட்டும். அதில் எது நிஜம் என்று பார்ப்பதற்கே பாதி நாள் போய்விடும். தங்கள் டெஸ்டுகளில் சுமார் 16 சதவீதத்தில் ஏதோ ஓர் அளவு நிலையின்மை, அதாவது கோடு மாறாமலே ஒருமுறை பாஸ், ஒருமுறை ஃபெயில் ஆகும் குணம் இருப்பதாக கூகுளே 2016-ல் சொன்னது. அவ்வளவு கருவி வசதி உள்ள இடத்திலேயே அப்படி என்றால், அந்த டெஸ்டுகளை உடனுக்குடன் தனியே ஒதுக்கி, சரிசெய்ய ஓர் ஆளைக் குறிப்பது உங்கள் திட்டத்தில் எழுத்தாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'அது எப்பவும் ஃபெயில்தான், விடு' என்ற பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சு வந்த பிறகு நிஜமான பக்கும் அதோடு சேர்ந்து போய்விடும்.

சம்பளப் பட்டுவாடா மென்பொருளுக்கும் கேன்டீன் மெனு செயலிக்கும் ஒரே கவரேஜ் இலக்கு (கோடில் எவ்வளவு பகுதியை டெஸ்ட் தொட வேண்டும் என்பது) வைப்பதும் இதே ரகம். பக் எண்ணிக்கையை வைத்து அணிகளை ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள், பக்கைப் பதிவதே நின்றுபோகும்.

சுமை, பாதுகாப்பு, பழுதிலிருந்து மீள்வது ஆகியவற்றை எந்த ஸ்பிரின்டிலும் வைக்காமல் கடைசிக்குத் தள்ளுவது இன்னொன்று. பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைப் புதிய மென்பொருளுக்கு ஒரே வார இறுதியில் மாற்றியது. லட்சக்கணக்கானோருக்குக் கணக்கைத் திறக்க முடியவில்லை. இரண்டு டேட்டா சென்டரும் ஒருசேர இயங்க வேண்டிய அமைப்பு அது. சுமைச் சோதனையோ ஒன்றில் மட்டும்தான் நடந்திருந்தது என்று பிறகு வந்த விசாரணை அறிக்கை சொன்னது. 2022-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. சின்ன அளவிலாவது ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் சுமை ஏற்றிப் பாருங்கள். போன ஸ்பிரின்டைவிட மெதுவாகிவிட்டது என்பது தெரிந்தாலே போதும்.

தரவு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். நேரடிப் பயன்பாட்டில் உள்ள மென்பொருளிலிருந்து உண்மையான வாடிக்கையாளர் தரவை அப்படியே நகல் எடுத்து டெஸ்டுக்குப் போடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைத் தக்கபடி பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் இருக்கிறது. அதற்குப் பயந்து 'டெஸ்ட் யூஸர் 1', 'டெஸ்ட் யூஸர் 2' என்று போடுவதும் உதவாது. இனிஷியல் மட்டும் உள்ளவர், குடும்பப் பெயரே இல்லாதவர், ஒரே பெயரோடு இருப்பவர், மூன்று ஆவணத்தில் மூன்று மாவட்டம் உள்ளவர் என்று மனிதர்களைப் போன்ற செயற்கைத் தரவை உருவாக்கி, எல்லா அணிகளும் அதே தொகுப்பைப் பயன்படுத்தும்படி ஓரிடத்தில் வையுங்கள். அந்தத் தொகுப்பைப் புதுப்பிக்கும் வேலையை ஓர் அணியின் பக்லாக்கில் ஸ்டோரியாகவே போட்டுவிடுங்கள்.