மூக்கு அலர்ஜி: நரம்பையும் சேர்த்து அடக்கும் முறை

அலர்ஜி மாத்திரையான செட்ரிசின் போட்டதும் தும்மல் நிற்கிறது, மூக்கடைப்பு மட்டும் போகவில்லை. ஓசூர்க் குளிரிலும் பாலக்கோட்டுப் பட்டுப்புழு மனைகளிலும் வேலை செய்கிறவர்கள் பலருக்கு இதே தொல்லைதான். மாத்திரை தடுப்பது அலர்ஜியின்போது உடல் வெளியிடும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை மட்டும். மூக்கில் அதற்கு மேலும் நடக்கிறது.

பார்த்தீனியக் களைச்செடியின் பூந்தாதோ மனையைக் கூட்டும்போது எழும் தூசியோ அலர்ஜி உள்ளவரின் மூக்குச் சவ்வில் பட்டால், அங்குள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்கள் சில நிமிடங்களில் ஹிஸ்டமினைக் கொட்டும். அது முகத்தின் தொடுஉணர்வைக் கொண்டுபோகும் முக்கிளை நரம்பின் நுனிகளைத் தூண்டும். அரிப்பும் தும்மலும் அப்படி வருகின்றன. மூளைத்தண்டு வழியாகத் திரும்பும் கட்டளையால் மூக்கு ஒழுகுகிறது. நரம்பு நுனிகளும் சும்மா இருப்பதில்லை. சப்ஸ்டன்ஸ் பி போன்ற பொருள்களை வெளியிட்டு ரத்தக்குழாய்களை விரிக்கும், நோயெதிர்ப்பு செல்களை மேலும் உசுப்பும். 4 முதல் 12 மணி நேரத்தில் இயோசினோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து சேரும்போது அடைப்பு நிலைத்துவிடும், நரம்பின் கூச்சமும் ஏறிவிடும். பிறகு குளிர்காற்று, ஊதுபத்திப் புகை, மிளகாய் வறுக்கும் நெடி எதற்கும் தும்மல்தான். அவற்றுக்கென்று தனி அலர்ஜி கிடையாது. தோல் பரிசோதனையிலும் அவை தெரியாது.

ஆகவே நரம்பைக் கூச வைக்கும் இந்த அழற்சியைத் தணிக்க வேண்டும். முதலில் மூக்கைக் கழுவுங்கள். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 240 மில்லி, அயோடின் சேராத உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா ஒரு சிட்டிகை. உப்பு குறைந்தால் எரியும். போர் தண்ணீரைக் காய்ச்சாமல் ஊற்றவே கூடாது. அதில் அமீபா என்ற நுண்ணுயிரி இருந்தால் மூளைவரை போய் உயிரைப் பறிக்கலாம்.

கழுவிச் சில நிமிடம் கழித்து, மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டு ஸ்பிரே (மோமெட்டசோன், புளூட்டிகசோன் போன்றவை). பாட்டிலைக் குலுக்கி, தலையைச் சற்றுக் குனிந்து, வலது கையால் இடது துளையிலும் இடது கையால் வலது துளையிலும் அடியுங்கள். முனை நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கமாக, கண்ணோரம் நோக்கி இருக்கட்டும். பலருக்கு ரத்தம் கசிவது நடுச்சுவரில் அடிப்பதால்தான். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். மெதுவாக மூச்சிழுத்தால் போதும்.

முழுப் பலன் தெரிய 2 வாரம்கூட ஆகும். மூன்றாம் நாளே "கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒவ்வொரு வருடமும் மழைக்குப் பின் பார்த்தீனியம் பூக்கும்போது தொல்லை வருமென்றால், 2 வாரம் முன்பே தொடங்குங்கள். செடியைப் பூப்பதற்கு முன், கையுறையும் முகக்கவசமும் போட்டு வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையால் பிடுங்கினால் தோலும் அரிக்கும்.

சைலோமெட்டசோலின் சொட்டு மருந்து உடனே அடைப்பைத் திறக்கும். 5 நாளைத் தாண்டினால் அதுவே அடைப்பை உண்டாக்கும்.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, திரும்பத் திரும்ப ரத்தம், வாசனை தெரியாமை, மூச்சில் வீசிங் சத்தம் இவற்றில் எது இருந்தாலும் தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். மூச்சுத் திணறினால் அன்றே போங்கள்.