எதிரே லைட் அடித்தால் நில்லுங்கள்: வன்னியில் கார் ஓட வருபவர்களுக்கு

லண்டனில் 18 வருடம் கார் ஓடிய ஒருவர், ஊருக்கு வந்த ஐந்தாம் நாள் ஏ9 றோட்டில் வலப்பக்க ஒழுங்கை ஒன்றுக்குள் திரும்ப நின்றார். வலது சிக்னல் போட்டிருந்தார். நடுக்கோட்டை ஒட்டித்தான் நின்றார். எதிரே மணல் டிப்பர் ஒன்று வந்து இரண்டு தரம் லைட் அடித்தது. வழி விடுகிறார்கள் என்று நினைத்து, நன்றிக்குக் கையும் காட்டிவிட்டு, இவர் திரும்பினார். வாடகைக்கு எடுத்த அக்சியோ காரின் இடப்பக்க முன்கதவு சீற்றோடு போய் ஒட்டியது. அந்தச் சீற்றில் இருந்த தாயாருக்குத் தோள் எலும்பு உடைந்தது. பொலிஸில் இரண்டு சாரதிகளும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "லைட் அடிச்சதுதானே!"

இங்கே லைட் அடித்தால் "நான் வாறன், நீ நில்" என்று பொருள். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் பழகியவர்களுக்கு அது "நீங்கள் போங்கோ". பகிடி என்னவென்றால், பிரித்தானிய வீதி விதிப் புத்தகமான ஹைவே கோட்டும் எங்கள் டிப்பர்காரர் பக்கம்தான். நான் இருக்கிறேன் என்று காட்ட மட்டுமே லைட் அடிக்கலாம், அதைப் போகச் சொன்னதாக எடுக்கக்கூடாது என்றுதான் அதில் இருக்கிறது. அந்த ஊர்ச் சனம்தான் அதை மரியாதைக் குறியாக மாற்றி வைத்திருக்கிறது. மண் ஏற்றிய டிப்பர் லேசில் நிற்காது. லோட் கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு நிற்கும் எண்ணமும் குறைவு. அதனால் தூரத்திலேயே லைட்டைப் போட்டு உரிமையைப் பிடித்துக்கொள்வார். திரும்புகிறவர்தான் நேரே வருகிறவருக்கு இடம் விடவேண்டும் என்பதால் சட்டமும் உங்களைக் காப்பாற்றாது.

எதிரே வருகிற வாகனம் நின்று, அதன் சில்லு சுற்றாததைக் கண்ணால் பார்த்த பிறகே திரும்புங்கள். அது நின்றாலும், அதற்கு இடப்பக்கத்தால் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்து வரும். லொறி மறைப்பதால் கடைசி நொடியில்தான் அது உங்களுக்குத் தெரியும். திரும்பும்போது நடக்கிற விபத்தில் இந்த இரண்டாவது வகையும் உண்டு.

லைட்டுக்கு வேறு அர்த்தங்களும் உண்டு. சந்தி கிந்தி எதுவும் இல்லாத நேர் றோட்டில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால், முன்னால் டிராபிக் பொலிஸ் நிற்கிறது, அல்லது மாடு நிற்கிறது. எதுவானாலும் வேகத்தைக் குறையுங்கள். முன்னால் போகிற லொறி வலது சிக்னல் போட்டால் "எதிரே வாகனம் வருது, ஓவர்டேக் பண்ணாதே" என்றும் இருக்கலாம், உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பப் போவதாகவும் இருக்கலாம். இடது சிக்னல் போட்டால் "நீ போ" என்றும் இருக்கலாம், பஸ் ஆளிறக்க ஓரம் கட்டுவதாகவும் இருக்கலாம். இன்னொருவருடைய சிக்னலை நம்பி நடுக்கோட்டைத் தாண்டவே வேண்டாம்.

ஹோர்னும் அப்படித்தான். கனடாவில் ஹோர்ன் அடித்தால் சண்டைக்கு வருவார்கள் என்று இங்கேயும் வாயைப் பொத்திக்கொண்டு முந்துகிறவர்கள் உண்டு. முன்னால் போகிற சைக்கிள்காரருக்குக் கண்ணாடி இல்லை. மோட்டார் சைக்கிள் கண்ணாடியும் பல நேரம் உள்ளே மடிந்துதான் இருக்கும். முந்த முதல் 30, 40 மீற்றர் பின்னாலிருந்தே சின்னதாக இரண்டு தரம் அடியுங்கள். பக்கத்தில் போய் அடித்தால் திடுக்கிட்டு உங்கள் பக்கமே சாய்வார்.

இனிக் கடுதாசி வேலை. வெளிநாட்டு லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு ஓட முடியாது. சர்வதேச அனுமதிப் புத்தகம் இருந்தாலும் இங்கே அதற்கு அங்கீகாரம் எடுக்கவேண்டும். இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் தற்காலிக அனுமதி எடுக்கவேண்டும். கொழும்புப் பக்கம் நிற்கும்போதே இதை முடித்துவிட்டு வாருங்கள். காருக்கு வேகம் ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியில் 70. ஓட்டோவுக்கு 40தான். அது ஏன் ஊர்கிறது என்று பின்னால் நின்று ஹோர்ன் அடிக்காதீர்கள்.

காருக்குள் ஏறியதும் சிக்னல் தடி எந்தப் பக்கம் என்று பாருங்கள். இங்கே ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பான் கார்கள். சிக்னல் வலக்கையில், வைப்பர் இடக்கையில். கனடா, ஐரோப்பா கார்களில் மறுபக்கம். திரும்பப் போகிறீர்கள், வெயிலில் வைப்பர் ஆடுகிறது, நீங்கள் சிரிக்கிறீர்கள். பின்னால் வருகிறவருக்கோ சிக்னல் கிடைக்கவில்லை, முந்த வருகிறார். முதல் நாள் வளவுக்குள்ளேயே நிறுத்தி வைத்து ஐம்பது தரம் போட்டுப் பழகுங்கள்.

கனடா, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே பக்கமிருந்து வருகிறவர்கள் வலப்பக்கம் ஓடிப் பழகியவர்கள். சனம் நிறைந்த ஏ9 றோட்டில் அவர்கள் பிழை விடுவதில்லை, முன்னால் போகிற வாகனமே வழிகாட்டி. பிழை விடுவது ஆளில்லாத இடத்தில். விடியக்காலை பெற்றோல் செட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது, குளக்கட்டு றோட்டில் ஒரு மாட்டுக்கு விலத்திவிட்டுத் திரும்பவும் றோட்டுக்கு ஏறும்போது, கை தானாக வலப்பக்கம் போகும். நடுக்கோடு எப்போதும் உங்கள் வலத்தோளுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அந்த அடையாளம் போதும்.

இரவு ஓட்டத்துக்கு வருவோம். இரவு ஏழு மணிக்குப் பிறகு ஓடாமல் இருக்க முடிந்தால் ஓடாதீர்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. டிம் லைட் ஏறக்குறைய 40 மீற்றர் காட்டும். மணிக்கு 70 கிலோமீற்றரில் நொடிக்கு 19 மீற்றர் போகிறீர்கள். கண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி, அதற்குள் 29 மீற்றர் போய்விடும். நல்ல ரயர், காய்ந்த தார் என்றாலும் நிற்க இன்னும் 27 மீற்றர் வேண்டும். மொத்தம் 56. மாடு 40 இல் நிற்கிறது. மணிக்கு 50 என்றால் 21 உம் 14 உம் சேர்ந்து 35, மாட்டுக்கு முன்னால் நின்றுவிடுவீர்கள். எதிரே ஹை பீமில் ஒரு பஸ் வந்தால் அந்த 40 மீற்றரும் இல்லை. அப்போது பஸ்ஸைப் பார்க்காமல் இடப்பக்க வெள்ளைக்கோட்டைப் பாருங்கள், அக்சிலேற்றரிலிருந்து காலை எடுங்கள்.

மாடு ஏன் றோட்டில் படுக்கிறது என்று கேட்காத வெளிநாட்டுக்காரர் இல்லை. காலபோகத்தில் வயல் முழுக்க நெல், மாடுகளுக்கு நிற்க இடமில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் தரை சேறு. தார் மட்டும் காய்ந்து, பகல் சூட்டை வைத்திருக்கும். காற்றும் படும், நுளம்பும் குறைவு. மாட்டின் கண் லைட்டில் மின்னும் என்பதை நம்பவேண்டாம். தலையை மறுபக்கம் போட்டுப் படுத்திருந்தால் மின்ன ஒன்றுமில்லை, எருமை என்றால் இருட்டோடு இருட்டு. ஒரு பசு கடந்து போனால் கன்று பின்னால் வரும், நில்லுங்கள். கடைசி நொடியில் வலப்பக்கம் வெட்டாதீர்கள். நேரே பிடித்து முழு பிரேக். வெட்டினால் மாடு தப்பும், எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பம் தப்பாது. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கக் காட்டு றோட்டுகளில் யானையும் உண்டு. அதன் கண் டிம் லைட்டுக்கு மேலே இருக்கும், உடம்பு றோட்டின் நிறம்.

மாட்டைவிட மோசம் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர், அதாவது இரண்டு சில்லு உழவு மெஷின். முன்னால் ஒரு மங்கல் லைட், பின்னால் ஒன்றுமே இல்லை. எதிரே வரும்போது மோட்டார் சைக்கிள் என்று நினைத்து அதற்குரிய இடம்தான் விடுவீர்கள். அந்த ஒற்றை லைட்டைத் தாண்டி உங்கள் பக்கமாக, இருட்டுக்குள், பெட்டியின் இரும்பு மூலை நீட்டிக்கொண்டு வரும். ஒற்றை லைட் எதுவானாலும் ஒரு லொறிக்கு விடுகிற இடம் விடுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் வைக்கோலோ விறகோ ஒளித்தகட்டை மூடியிருக்கும். அது மணிக்கு 15 இல் போகிறது, நீங்கள் 70 இல் வருகிறீர்கள். நிற்கிற பெட்டியில் 55 இல் மோதுவதற்குச் சமம். மாசி, பங்குனி அறுவடைக் காலத்தில் இவை இரவிரவாக ஓடும்.

அதே அறுவடைக் காலத்தில் உள்றோட்டுகளில் பாதித் தாரில் நெல் காயும். கரையில் கல் அடுக்கியிருப்பார்கள். நெல்லின் மேல் பிரேக் பிடித்தால் குண்டுமணியில் ஓடுகிற மாதிரி, கார் நிற்காது. நெல்லுக்கு வருமுன்னமே குறைத்து, அதன்மேல் உருளவிட்டுப் போங்கள். காயப்போட்டவரோடு வாதாடாதீர்கள், அவருக்குக் களம் இல்லை.

ஏ9 இல் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி தெரிந்ததுதான். பிள்ளையாரைக் கும்பிடாமல் வாகனங்கள் போவதில்லை. பஸ்ஸும் வானும் திடீரென்று ஓரம் கட்டும், ஓரத்தில் நின்றவை பின்னால் பார்க்காமல் றோட்டுக்கு ஏறும், தேங்காயோடு ஆட்கள் குறுக்கே போவார்கள், கச்சான் பையோடு திரும்பி ஓடிவருவார்கள். கோயில் தெரியுமுன்னமே 30 க்கு இறங்குங்கள். நீங்கள் நிறுத்துவதென்றால் கதவைத் திறக்கமுதல் கண்ணாடியைப் பாருங்கள். வலக்கதவு சைக்கிள்காரரின் நெஞ்சுக்கு நேரே திறக்கும்.

தார் விளிம்பைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. மழை கரை மண்ணை அரித்து, தாருக்கும் மண்ணுக்கும் இடையில் அரை அடிப் படி விழுந்திருக்கும். பஸ்ஸுக்கு இடம் விட்டு இறங்கும்போது இடப்பக்கச் சில்லு அந்தப் படிக்குக் கீழே போகும். பயத்தில் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் வளைப்பீர்கள், ரயர் விளிம்பில் உரசிக்கொண்டு ஏறாது. இன்னும் வளைப்பீர்கள். திடீரென்று ஏறும், ஏறிய வேகத்தில் கார் எதிர்ப்பக்கத்துக்குப் பாயும். தனி வாகனம் மரத்தில் மோதியது என்று கேள்விப்படுகிறவற்றில் இதுவும் அடக்கம். சில்லு இறங்கினால் இறங்கியபடியே நேரே பிடியுங்கள். வேகம் 20 க்கு வந்த பிறகு ஏற்றுங்கள்.

இடையில் வெளிநாடு போனவர்களுக்கு ரயில் ஞாபகத்திலேயே இல்லை. 1990 இல் நின்றது, 2013 இல்தான் கிளிநொச்சிக்குத் திரும்ப வந்தது. அவர்களுடைய ஊர்ப்படத்தில் தண்டவாளம் பற்றைக்குள் கிடக்கும் வெறும் மேடு. இப்போது புதுப் பாதையில் ரயில் நல்ல வேகம். கிளிநொச்சி, பரந்தன் பக்கங்களில் ஏ9 உம் தண்டவாளமும் அருகருகே ஓடுவதால், றோட்டிலிருந்து திரும்பியவுடனே கடவை வரும். ரயில் உங்களுக்குப் பின்பக்கமாகவே வந்துகொண்டிருக்கும், கண்ணாடிச் சட்டம் அதை மறைக்கும். படலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் கடவைக்கு முன்னால் நிறுத்தி, யன்னலையும் இறக்கி, பாட்டையும் நிறுத்திக் கேளுங்கள்.

கட்டுநாயக்க வான் பயணம் தனி ஆபத்து. கிளிநொச்சியிலிருந்து கூட்டிப்போக வருகிற சாரதி பகல் முழுக்க ஓடிவந்து, நீங்கள் இறங்கும்வரை விழித்திருந்து, அன்றிரவே திரும்ப 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவார். நீர்கொழும்பு, புத்தளம், அனுராதபுரம் தாண்டி மதவாச்சிக்கு வரும்போது விடியப்புறம் மூன்று நாலு மணி. பின்சீற்றில் பெல்ட் போடாமல் பத்துப் பேர், மேலே கூரைவரை சூட்கேஸ். நித்திரையில் போகிற வாகனம் பிரேக் பிடிக்காமலே மோதும், றோட்டில் ரயர் அடையாளமே இருக்காது. நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கி விடிய வெளிக்கிடுங்கள். தங்க மாட்டோம் என்றால் இரண்டு சாரதிகள் வேண்டும் என்று முன்கூட்டியே பேசுங்கள். நான் ஓடித் தருகிறேன் என்று மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். ரொறொன்ரோ நேரத்துக்கும் இங்கைக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம், உங்கள் உடம்பு எந்த நேரத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

விபத்து நடந்துவிட்டால் ஓடிப்போகாதீர்கள். காயம் இருந்தால் 1990 க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசு கேட்காது. பொலிஸ் 119. வாகனத்தை நகர்த்த முதல் நாலு சில்லும் நின்ற இடத்தைக் கல்லாலோ சோக்காலோ அடையாளம் போட்டு, றோட்டின் இரண்டு கரையும் தெரிய ஃபோட்டோ எடுங்கள். காப்புறுதி அட்டையில் இருக்கிற நம்பருக்கு அந்த இடத்திலிருந்தே அடியுங்கள், அவர்களின் ஆள் வந்து பார்க்கவேண்டும். பத்து நிமிசத்தில் சனம் கூடும். "பேசித் தீர்ப்பம், பொலிஸ் என்னத்துக்கு" என்று ஒருவர் நடுவில் வருவார். மாட்டுக்காரரும் வருவார், அடிபட்ட மாடு எப்போதும் பால் கறக்கிற மாடுதான். காசைக் கொடுத்துவிட்டு முறைப்பாடு போடாமல் வந்தால் காப்புறுதி கைவிரிக்கும். அடுத்த கிழமை அடித்துவிட்டு ஓடினார் என்று ஒரு முறைப்பாடும் வரலாம். கொடுப்பதானாலும் பொலிஸ் பதிவுக்குப் பிறகு கொடுங்கள்.

அந்த அக்சியோவின் காப்புறுதி தனிப்பட்ட பாவனைக்கு என்றுதான் எழுதப்பட்டிருந்தது. வாடகைக்கு விட்ட வாகனம் என்று தெரிந்ததும் கொம்பனி காசு தர மறுத்துவிட்டது. சொந்தக்காரர் தெரிந்த பொடியன்தான், தெரிந்தவர் என்றபடியால்தான் ஒருவரும் கடுதாசியைப் பார்க்கவில்லை. கதவு, தூண், பெயின்ற், கார் நின்ற நாட்களின் வாடகை எல்லாம் லண்டன் காசில் போனது. சாவியைக் கையில் வாங்க முதல் காப்புறுதிப் பத்திரத்தை வாங்கி விரித்து, பாவனை என்ற வரியில் வாடகைக்கு என்று இருக்கிறதா, சாரதி என்ற வரியில் யார் யார் ஓடலாம் என்று இருக்கிறது, இரண்டையும் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொடியன் முகம் சுளிப்பான். சுளிக்கட்டும்.